அக்கா வைத்த நண்டுத் தொட்டி

என் அக்காவுக்கு நண்டு என்றாலே ஆகாது. தின்ன மாட்டாள். வேறு யாராவது சமைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நண்டுச் சதை எடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். அவித்த நண்டைச் சின்னக் கத்தியால் பிளந்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட ஒட்டாமல் சதையை எடுத்து வைக்க வேண்டும். பொழுது முழுக்க அதிலேயே கிடந்தவளுக்கு அது எப்படிப் பிடிக்கும்? அப்படிப்பட்டவள் உயிருள்ள நண்டுகளைக் கொண்டுவந்து வீட்டின் பின்னறையில் தொட்டி வைத்தாள் என்றால் காரணம் ஒன்றுதான். மாமா.

மாமா என்றால் அவள் புருஷன். படகில் வலை இழுப்பவர். தங்கமான மனிதர், பிடிவாதத்தை மட்டும் கழித்துவிட்டுப் பார்த்தால். போன பருவத்தின் கடைசி நடையில், வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, படகின் ஓரத்தில் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற என்ஜின்காரர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறார். இல்லாவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். என்ஜின்காரர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார். மாமாவோ வீட்டுக்கு வந்து தோளில் இருந்த சிராய்ப்பைக் காட்டி, "ஈரப் பலகை, வழுக்கிடுச்சு" என்றார். அதோடு அந்தப் பேச்சை மூடிவிட்டார்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்தது. நான் இந்தப் பக்கம் தையல் மெஷினோடு இருக்கிறேன். ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் கொடுக்கலாம்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ போய்ட்டு வந்துடலாங்க."

"வழுக்கி விழுந்தவனுக்கெல்லாம் எதுக்குடி டாக்டர்? ஊரு சிரிக்கும்."

"சரி, இனிமே கடலுக்கு வேணாம்."

"போகாம வீட்ல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற? ஈ ஓட்டவா?"

"நண்டு ஓடு கழட்டுற தொட்டி போடலாம்."

மாமா சிரித்த சிரிப்பில் என் கை நின்று, துணியில் ஒரு தையல் கோணலாகப் போனது. அக்கா விடவில்லை. நண்டு வளரும்போது பழைய ஓட்டைத் தானே கழற்றிவிடும், கழற்றிய கையோடு எடுத்தால் மெத்தென்று இருக்கும், முழுசாக அப்படியே சமைத்துவிடலாம், பெரிய ஓட்டல்களில் அதைத்தான் கேட்கிறார்கள் என்று கொட்டகையில் கேட்டதையெல்லாம் அடுக்கினாள். அப்போது படகுகள் கடலுக்குப் போகக்கூடாத காலம். எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். கடைசியில் மாமா இறங்கி வந்தார்.

"படகு கிளம்புறதுக்குள்ள தொட்டி நெலச்சு நின்னா நானும் நிக்கிறேன். நிக்கலைன்னா நான் போவேன். அப்புறம் அழக்கூடாது."

இப்படி ஒரு மனுஷனுடைய உயிரைக் கொண்டுபோய் நண்டின் கையில் கொடுக்கலாமா? அக்கா வேலையை விட்டுவிட்டாள்.

பழைய வலை கிடந்த பின்னறையைக் காலி செய்தார்கள். செங்கல் அடுக்கி, அதன்மேல் கட்டில் உயரத்துக்கும் குறைவாக நீளத் தொட்டிகளை வைத்தார்கள். உப்புத் தண்ணீரை உப்பங்கழியிலிருந்து பீப்பாயில் கொண்டுவந்தார்கள். தொட்டித் தண்ணீர் பைப் வழியாக ஒரு டிரம்முக்குள் போகும். டிரம் நிறையச் சிப்பி ஓடு. அதன் வழியே வடிந்து சுத்தமாகி, மோட்டார் மறுபடி மேலே ஏற்றிவிடும். அதுபோக, காற்று விட ஒரு சின்ன மோட்டார். அது ராத்திரி பகலாக 'குளுகுளு'வென்று கொப்பளிக்கும். முதலில் எனக்குத் தலைவலியாக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலைந்தது. மின்சாரம் போனால் நான் இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்காருவோம். அக்கா ஒரு குவளையை எடுத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றத் தொடங்குவாள், காற்று கலக்கட்டும் என்று. ஓடு கழற்றுகிற நேரத்தில் நண்டுக்கு மூச்சு நிறைய வேண்டும். காற்று குறைந்தால் பாதி வெளியே பாதி உள்ளே என்று செத்துப்போகும்.

எந்த நண்டு கழற்றப் போகிறது என்று பார்ப்பது மாமா வேலை. பின்னால் இருக்கிற துடுப்புக் காலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். ஓரத்தில் சிவப்பாகக் கோடு ஓடினால் நேரம் நெருங்கிவிட்டது என்று தனித் தொட்டியில் விடுவார். அதைத் தவறவிட்டால் போச்சு, ஓடு கெட்டியான நண்டு மெத்தான நண்டைத் தின்றுவிடும். கழற்றிய பிறகும் சும்மா விட முடியாது. தண்ணீரிலேயே கிடந்தால் புது ஓடு இறுகிவிடும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

அக்கா நண்டைப் பார்த்தாளா, மாமாவைப் பார்த்தாளா என்று கேட்டால் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். மாமாவுக்கு நண்டோடு பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. "வாடா, வெளிய வா, யாரும் அடிக்க மாட்டாங்க" என்று கொஞ்சிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்வரை அக்கா அடுப்படியில் வேலை செய்வாள். கொஞ்சம் நின்றால் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்னடி, ஒரு நிமிஷம் பேசாம இருக்க முடியலையே உன்கிட்ட" என்பார் மாமா.

"சும்மாதான் வந்தேன்."

சும்மாவாம். முகம் வெளுத்துப் போயிருக்கும்.

முதல் நண்டு கழற்றிய அன்று நானும் போய்ப் பார்த்தேன். முதுகின் பின்பக்கம் வாய் பிளந்தமாதிரி விரிந்தது. உள்ளேயிருந்து இன்னொரு நண்டு பின்பக்கமாகவே மெல்ல மெல்ல நழுவி வந்தது. ஒவ்வொரு காலாக உருவி எடுக்கிறது, கண்ணைக்கூட. முடிந்ததும் தொட்டியில் இரண்டு நண்டு கிடக்கிறமாதிரி இருந்தது, ஒன்று வெறும் கூடு. மெத்தென்றிருந்த நண்டை அக்கா ஈரத் துணியில் கிடத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா அன்று சாயங்காலம் முழுக்க விசிலடித்தார். தொட்டி நிலைத்து நின்றுவிட்டது என்றே நினைத்தோம்.

வாங்குவதற்கு முன் தொட்டியைப் பார்க்க வருவதாக ஓட்டல்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். வந்தது வினை. அக்கா வேலை பார்த்த கொட்டகையில் மேஜை, கூடை, கத்தி, தரை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும். விரலில் வழவழப்புத் தட்டினால் மேற்பார்வையாளர் அன்றைய சதையைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தோடு டிரம்மைத் திறந்து பார்த்திருக்கிறாள். சிப்பி ஓடெல்லாம் பழுப்பாக, சளி பிடித்து வழவழவென்று கிடந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. மாமா நண்டு வாங்கப் போயிருந்த நேரம். எல்லாவற்றையும் வாரிப்போட்டு, பிளீச்சிங் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, அலசி, பளபளவென்று திரும்ப அடுக்கி வைத்துவிட்டாள். நான்தான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "மூக்கு எரியுதுக்கா, பிணவறையக் கழுவுறியா?" என்று கேலி செய்தேன். என் வாயில் மண்ணைப் போட.

மறுநாள் காலையில் நண்டுகள் தொட்டிச் சுவரில் ஏறப் பார்த்தன. ஏற முடியாமல் விழுந்தன. கழற்றத் தொடங்கியவை அப்படியே பாதியில் நின்றுபோயின. மாமா டிரம்மைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதக் கழுவினியா?"

"ஒரே சளியா இருந்துச்சு. ஓட்டல்காரர் பார்த்தா என்ன நெனப்பாரு?"

"அந்தச் சளிதாண்டி தண்ணியச் சுத்தம் பண்றது. அது பிடிக்கத்தான் இத்தன நாளு காத்துக் கெடந்தோம். மோட்டார்க் கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"எங்கிட்டச் சொல்லலையே நீங்க."

சொல்லவில்லைதான். மனுஷன் சொல்ல மறந்தார், அவள் கேட்க மறந்தாள். செத்ததை எல்லாம் பக்கெட்டில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். டிரம்மோடு சேராமல் தனியாகக் கிடந்த சின்னத் தொட்டியில் மட்டும் கொஞ்சம் நண்டு தப்பியது. ஓட்டல்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமா கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பரணிலிருந்து படகுப் பையை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காயப் போட்டார். அக்கா அந்தப் பையைப் பார்த்த பார்வையை என்னால் சகிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் போய் நானே கேட்டேன்.

"மாமா, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு வழுக்கித்தான் விழுந்தீங்களா?"

"உன் மெஷின்ல நூல் அறுந்து கெடக்குது, போய் அதப் பாரு."

அவ்வளவுதான் மரியாதை. அக்கா உப்புத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை மறுபடி நிரப்பினாள். ஆனால் சிப்பி ஓட்டில் சளி பிடிக்க அது எடுக்கிற காலத்தை எடுக்கத்தானே செய்யும். படகு அதுவரை நிற்குமா? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. விரலால் டிரம்முக்குள் தடவித் தடவிப் பார்ப்பாள். வழவழப்பு வந்துவிட்டதா என்று என்னையும் தடவிப் பார்க்கச் சொல்வாள். நான் பொய் சொன்னேன், லேசாக வந்தமாதிரி இருக்கிறது என்று. வேறென்ன சொல்ல?

படகு கிளம்புகிற நாள் வந்தது. விடிந்ததும் படகுக்காரர் வண்டியோடு வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அக்கா அடுப்படியில் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் அழாமல் கட்டினாள். மாமா பழக்கதோஷத்தில் பின்னறைக்குப் போயிருக்கிறார். தப்பிய நண்டுகளில் ஒன்றுக்கு முதுகு பிளந்திருந்தது. முட்டி போட்டுத் தொட்டிமேல் குனிந்து, "வாடா, நான் போறதுக்குள்ள வந்துடு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அது எனக்கே கேட்டது.

பிறகு கேட்கவில்லை. தண்ணீரில் எதுவோ அறைகிற சத்தம் வந்தது, ஒரே சீராக, திரும்பத் திரும்ப. அக்கா கத்தவில்லை. "ஏய், ஓடி வா" என்று சுவரைத் தட்டினாள், அவ்வளவுதான். நான் ஓடினேன்.

மாமாவின் முகம் தொட்டிக்குள் இருந்தது. முழங்கை ஆழம்கூட இல்லாத தண்ணீர். உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததில் நெற்றி தொட்டியின் அடியில் மோதிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் முடியையும் ஒரு கையால் சட்டைக் காலரையும் பிடித்துத் தூக்கினாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். "இடுப்பப் பிடிடி" என்று அவள் அதட்டிய பிறகுதான் பிடித்தேன். தரையில் இழுத்துப் போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது. இழுப்பு மெல்ல அடங்கியது. மூச்சு வந்தது. அந்த மூச்சுக்குக் காத்திருந்த நேரம் இருக்கிறதே, என் விரோதிக்குக்கூட அது வேண்டாம்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவினார். உப்புக் கரித்திருக்கும். நனைந்த சட்டையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. இந்த அறையில் ஈரப் பலகை ஏதும் இல்லை.

வெளியே படகுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டது. நான் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சுவரைப் பிடித்து எழுந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒவ்வோர் அடியாக வாசலுக்குப் போனார். அக்கா பின்னாலேயே போனாள், பிடிக்காமல், பிடிக்கிற தூரத்தில்.

"என்னய்யா, கெளம்பறப்போ குளியலா?" என்றார் படகுக்காரர்.

"நான் வரலண்ணே. எனக்கு வலிப்பு வருது."

படகுக்காரர் வண்டியின் என்ஜினை அணைத்தார்.

"போன தடவ படகுலயும் அதுதான் வந்துச்சு. வழுக்கல. நான் மறைச்சுட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

படகுக்காரர் அவரையும் அக்காவையும் பார்த்தார். "உள்ள போய்ப் படுய்யா. மொதல்ல டாக்டரப் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மாமா கதவைச் சாத்தினார். "இனிமே போகல. போதுமா?" என்று அக்காவிடம் கேட்டார். இத்தனை நாளாக அவள் ராத்திரி பகலாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தன் தோளில் கிடந்த ஈரத்துண்டை உருவி அவர் முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அவர் தடுக்காமல் நின்றார்.

"செத்துப் போயிருப்பியே," என்று அழுதாள் அக்கா. "நான் வச்ச தொட்டியிலயே செத்துப் போயிருப்பியே."