போதும் அக்கா நிறுத்தாத வடிப்பு

எங்கள் வடிசாலையில் அவரை எல்லோரும் போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கொப்பரைக் குழாயில் இலுப்பைப் பூச்சாராயம் வடியும்போது பக்கத்திலேயே நிற்பார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு பிடித்துத் தேய்த்து மோந்து பார்ப்பார். திடீரென்று "போதும்" என்பார். உடனே குழாயைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் பாட்டிலுக்கு மூடி போடுகிறவள். எனக்கும் எட்டு ஊருக்குக் கேட்கும்படி திட்டு விழுந்திருக்கிறது.

விஷயம் இதுதான். வடிப்பில் முதலில் வருவது மூக்கைக் குத்தும், அதைக் கொட்டிவிடுவோம். நடுவில் வருவதுதான் சரக்கு, பூவின் வாசம் அதில்தான் இருக்கிறது. கடைசியில் வருவதற்கு வால் என்று பெயர். நனைந்த சாக்கு வாடை அடிக்கும். சரக்கு எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று பிடிப்பதில்தான் தொழிலே இருக்கிறது.

முதலாளியம்மா படித்தவர். செம்புக் கொப்பரையும் சாராயத்தின் வீரியம் காட்டும் மீட்டரும் வாங்கிவைத்தவர். ஆனால் பூவை நிழலில் உலர்த்துவது, சர்க்கரை சேர்க்காமல் ஊறல் போடுவது, சின்னத் தீயில் காய்ச்சுவது எல்லாம் மண்பானையில் வடித்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை. அப்படிக் கேட்கப்போன இடத்தில்தான் அக்காவைப் பிடித்தார். மீட்டரும் அக்காவும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் போதும் என்பார்கள், அதனால் வேலை நிம்மதியாக நடந்தது.

முன்பு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வீட்டுக்குப் பின்னால் பானைமேல் பானை அடுக்கிக் காய்ச்சியவர்கள். ஊறல் போடுவதில் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், நிறுத்துவதில்தான் மோசம். பேச்சு வாக்கில் வாலையும் சேர்த்துப் பிடித்துவிடுவார். கேட்டால், இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே, என்ன குடியா முழுகிவிடும் என்பாராம். அக்கா அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை இழுத்துப் போடுவார். ஒரு நாள் சரக்கு வாங்க வந்தவர்கள் எதிரிலேயே கட்டையை இழுத்துப் போட்டு, இவரை நம்பினால் சாக்குத் தண்ணீர்தான் குடிப்பீர்கள் என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான்.

சாயங்காலம் வந்துவிடுவார் என்று அக்கா அவருக்கும் சேர்த்துச் சமைத்தாராம். பிறகு தேடாத இடமில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. உறவுக்காரர்கள் அவரைத் தலைமுழுகச் சொன்னார்கள். அக்காவால் முடியவில்லை. அவருக்கு அந்த மனுஷன் வேண்டும். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

போன பூக்காலத்தில் ஒரு வடிப்பின்போது மீட்டர் போதும் என்றது. அக்கா சொல்லவில்லை. மோந்து பார்த்தார். எனக்கே சாக்கு வாடை வந்துவிட்டது. என்ன அக்கா, மூக்கடைப்பா என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்டி," என்றார். "இது அவரு வடிக்கிற மாதிரி. பாட்டில் ஊர் ஊராப் போவுது இல்ல? எங்கயாவது ஒரு வாய் குடிச்சா, நான் விட்டுக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சிக்குவாரு."

இப்படியும் ஒருத்தி மன்னிப்புக் கேட்பாளா?

முதலாளியம்மா ருசி பார்த்து முகம் சுளித்தார். மறுபடி ருசி பார்த்தார். கொட்ட மனம் வராமல் தனியாக லேபிள் ஒட்டி அனுப்பினார். மழையில் நனைந்த மண்ணின் வாசம் என்று அதில் அச்சடித்திருந்தது. நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் மூடி போடும் இயந்திரமே நின்றுவிட்டது. வாங்கியவர்கள் என்னவோ ஆகா ஓகோ என்றார்கள். அக்கா அந்த வகை முழுவதையும் அப்படியே வாலோடு வடித்தார். கடைகளுக்குப் போய்வரும் வண்டிக்காரரிடம் தினமும், யார் குடித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று துளைத்தெடுத்தார்.

ஒரு மத்தியானம் வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் யாரோ ஒரு பெரியவர் நம் சரக்கைக் குறை சொன்னாராம். ஒரு வாய் குடித்தாராம், பிறகு ஒரு சொட்டை முழங்கை மடிப்பில் தேய்த்து மோந்தாராம்.

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அவர் வீட்டுக்காரர் உள்ளங்கையில் எப்போதும் அடுப்புப் புகை வாடை இருக்கும், அதனால் முழங்கை மடிப்பில்தான் மோந்து பார்ப்பார். அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் அக்கா.

"நம்ம பூவுதான், ஆனா வடிச்சவங்களுக்கு நிறுத்தத் தெரியலன்னாரு. என் பொண்டாட்டியா இருந்தா அப்பவே கட்டையை இழுத்துப் போட்டிருப்பா, அவ வடிச்சா வாசமே வேறன்னு சொன்னாரு. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாருக்கா. அப்புறம் எழுந்து போயிட்டாரு."

எங்கே போனார், எந்த ஊர்க்காரர் என்று வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. அந்தக் கடைக்காரருக்கும் தெரியாதாம். கப்பலேறப் போகிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிற கடை அது.

அக்கா சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். தன் கைப்பக்குவத்தை மாற்றி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனுஷனோ இத்தனை வருஷமும் அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் ஏங்கியிருக்கிறார். அதைக் காணாமல், இது அவள் இல்லை என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வடிப்பில் அக்கா மீட்டரை முந்திக்கொண்டு போதும் என்றார். முதல் பாட்டிலை வண்டிக்காரரிடம் கொடுத்து அந்தத் துறைமுகத்துக் கடையில் வைக்கச் சொன்னார். அவர் இனி அந்தப் பக்கம் வருவது சந்தேகம்தான் என்று வண்டிக்காரர் தயங்கினார்.

"வர்றப்ப அது அங்க இருக்கணும்," என்றார் அக்கா. "வேற யாருக்கும் ஊத்த வேணாம்னு சொல்லுங்க."

அந்த பாட்டில் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வண்டிக்காரர் வந்து சொல்கிறார்.