ஐந்தாவது வளைவு

பிள்ளைகளே, மலையில் அப்பா சைக்கிள் ஓடின கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது முக்கால்வாசிதான். மிச்சத்தையும் எழுதி வைக்கிறேன்.

பந்தயம் விசுவமடுவில், எங்கள் வீட்டு முற்றத்திலேயே தொடங்கிவிட்டது. சோளகக் காற்று முகத்தில் அடிக்கிறது, இனி ரியூசனுக்குச் சைக்கிளில் போகமாட்டேன் என்று மூத்தவள் அடம்பிடித்தாள்.

"சித்தி வீட்டை போகேக்கை அந்த மலை றோட்டிலை கால் ஊண்டாமல் ஏறிக் காட்டுறன். ஏறினால் நீ காத்தைச் சாட்டுச் சொல்லக்கூடாது" என்றேன்.

"ஊண்டினால்?"

"நானே மோட்டார்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன்."

வாய்க்கொழுப்புத்தான். எங்கள் வன்னிப் பக்கத்தில் ஏற்றம் என்றால் குளக்கட்டு ஒன்றுதான். பத்து மிதியில் அதுவும் முடிந்துவிடும்.

சித்தியைக் கட்டிய என் சகலன் மலைநாட்டில் பிறந்தவர். நாங்கள் அங்கே போனதும், தன் பக்கத்து வீட்டில் கியர் சைக்கிள் ஒன்று இரவல் வாங்கித் தந்தார். "சகல, வன்னிக் காலு வயல்ல நடக்கத்தான் லாயக்கு, பாத்துங்க" என்று சொல்லிவிட்டு, உங்களையும் அம்மாவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மேலே தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார். நான் தனியே மிதித்தேன்.

ஏழு வளைவு. நாலை எப்படியோ கடந்தேன். ஐந்தாவதில் என் வன்னிப் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் றோட்டு வளைந்தாலும் நாங்கள் வளையமாட்டோம், காணிக்குள்ளால் குறுக்கே விழுந்து போவோம். அந்தப் பழக்கத்தில் வளைவின் உட்பக்கத்தை ஒட்டி வெட்டினேன். அங்கே றோட்டு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. முன்சில்லு எழும்பியது. கால் என்னைக் கேளாமலே நிலத்துக்கு வந்துவிட்டது.

தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தார்.

"ஏண்ணே உள்ள பூந்தீங்க? லொறிக்காரனே வெளிப்பக்கமாதான் வளைச்சுப் போவான்!"

"எங்கட ஊரிலை இப்பிடி வளைவு இல்லை, தங்கச்சி."

"அப்ப என்னாதான் இருக்கு?"

"காத்து."

மிச்ச இரண்டு வளைவுகளிலும், வாகனம் வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி, வெளியோரமாகவே போனேன். கால் ஊன்றவில்லை.

கடை வாசலுக்கு மூத்தவள் ஓடி வந்தாள்.

"அப்பா, ஊண்டினீங்களோ?"

அந்தப் பெண்ணைத் தவிர யாரும் பார்க்கவில்லை. 'இல்லை' என்ற சொல் பல்லு வரைக்கும் வந்தது.

"ஓம் பிள்ளை, ஒருக்கா ஊண்டிப்போட்டன்."

"மோட்டார்சைக்கிள்! மோட்டார்சைக்கிள்!" என்று மூத்தவள் துள்ளினாள். தம்பிக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவனும் துள்ளினான். "ஒண்ணு இல்ல, ஒம்பதா இருக்கும்" என்றார் சகலன். "முதல்லை மூச்சை விடுங்கோ, பிறகு கதைக்கலாம்" என்றார் அம்மா.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

பிறகு முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் வடையில் கவனமாக இருந்தீர்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்தாவது வளைவுக்குக் கீழே வரை இறங்கிப் போனேன். திருப்பி, நன்றாக வெளியே வளைத்து ஏறினேன். இந்த முறை கால் மிதியிலேயே இருந்தது. ஆறும் ஏழும் முன்னமே ஏறினதுதானே என்று, வளைவைத் தாண்டியதும் இறங்கி, மிச்சத் தூரத்தைச் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன்.