கிளையில் இருந்த நீலப் புள்ளிகள்

லேபில் செல்லுக்கு ஏற்றுகிற சாயம் மெத்திலீன் புளூ, விரலில் பட்டால் லேசில் போகாது. புளி போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்த நீல விரலோடுதான் சாப்பிட்டேன், பூக் கட்டினேன், திருமயத்தில் பஸ் ஏறிக் கம்பியைப் பிடித்தபடி புதுக்கோட்டை வரை நின்றுகொண்டே காலேஜுக்குப் போனேன்...

அறுபதுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. ஜுவாலஜி. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கு ஆத்தா, மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. சேத்து விடுறேன். இல்லாட்டி வந்த எடத்துக்குச் சரின்னு சொல்லிருவேன். அப்பறம் கண்ணக் கசக்கக் கூடாது."

அது போதும் எனக்கு. மெட்ராஸுக்கு மனசால் பெட்டியே கட்டி விட்டேன்.

கடைசி வருஷ பிராக்டிகல் பரீட்சை. ஆட்டுத் தண்டுவடத்து ஸ்லைடு. மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பித் திருப்பி வெளிச்சம் பிடித்தேன். பெரிய நரம்பு செல் ஒன்று, உள்ளே நீல நீலமாய்ப் புள்ளிகள். செல்லுக்கு வேண்டிய புரோட்டீன் அந்தப் புள்ளிகளில்தான் தயாராகிறது என்று படித்திருந்தோம்.

எங்கள் பாடப் படத்தில் புள்ளி எல்லாம் செல்லின் நடுவயிற்றில்தான் இருக்கும். கிளைகள் துடைத்து விட்டது போல இருக்கும். என் ஸ்லைடில் அப்படி இல்லை. கிளைக்குள்ளும் புள்ளி ஓடியிருந்தது. நுனி வரை பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிளைக்குள் இருந்தது.

பார்த்ததை வரை, புத்தகத்தில் இருப்பதை வரையாதே... லேபில் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே அதுதான். பார்த்தபடி வரைந்தேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் என் டேபிளில் வந்து நின்றார்.

"இது என்னம்மா, கிளையில எல்லாம் புள்ளி வச்சிருக்க?"

"ஸ்லைடுல இருக்கு சார். நீங்களே பாருங்க."

அவர் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப் பக்கத்தில்தான் நின்றார், குனியக்கூட இல்லை. இன்றுவரை எனக்குச் செரிக்காதது அதுதான்.

"அது சாயக் கறை. புரோட்டீன் நடுவுலதான் உண்டாகும். அங்கேருந்துதான் நுனிக்குப் போகும். அழிச்சிரு."

வாயை மூடிக்கொண்டு அழித்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே!

"அம்புட்டுத் தூரம் நடுவுலருந்தே போயித்தான் ஆகணுமா சார்? எங்க வீட்டுல கல்யாணமான மகன்களுக்கெல்லாம் தனித்தனி அடுப்பு. நெல்லு ஒரே களஞ்சியத்துலருந்துதான் வருது. ஆனா அவுகவுக அடுப்புலதான் பொங்கிக்கிறாக. நரம்பு நுனியும் வேண்டியத அங்கனயே செஞ்சுக்கிட்டா என்ன சார்?"

மனிதர் சிரித்தார் பாருங்கள்... லேபே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"அடுப்படிக்குப் போக வேண்டியவங்க லேபுக்கு வந்தா இப்படித்தான்!"

சொல்லிவிட்டு என் ரப்பரையே எடுத்து அவரே அழித்தார். காகிதம் கசங்கிப் போயிற்று. அவர் அடுத்த டேபிளுக்குப் போனதும் அத்தனை புள்ளியையும் திரும்ப வைத்தேன். பேப்பர் வாங்கும்போது அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

தியரியில் நல்ல மார்க். பிராக்டிகல் காலை வாரிவிட்டது. செகண்ட் கிளாஸ்.

அப்பச்சி சொன்ன சொல் மாறாதவர். வந்த இடத்துக்குச் சரி என்றார். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், எங்கள் வழக்கப்படி, மாமியார் வீட்டில் எங்களையும் தனியாக வைத்தார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து ஓர் அடுப்பைக் காட்டினார்கள். அந்த அடுப்பைப் பற்ற வைத்த அன்று என் வயிறு எரிந்தது போல அதற்குப் பிறகு எரிந்ததில்லை.

நான் எதையோ கண்டுபிடித்து விட்டேன் என்று சொல்லவில்லை. என்னிடம் ஆதாரமும் கிடையாது. அவருக்கும் அந்தக் காலத்துப் புத்தகம்தான் தெரியும். தெரியாதது தப்பே இல்லை. குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது என் கடைசித் தம்பி மகள் பெங்களூரில் அதே நரம்பு செல்லைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் வந்தபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கறுப்புத் திரையில் நரம்புக் கிளை, அதன் நெடுக மின்னுகிற பச்சைப் புள்ளிகள்.

"ஒரு நரம்பும் இன்னொண்ணும் பேசிக்கிற எடம் இருக்குல்ல அத்தை, சினாப்ஸ்... புரோட்டீன் செய்யிற குறிப்பு மட்டும் நடுவுலருந்து வந்து பக்கத்துல காத்துக்கிட்டிருக்கும். சேதி வந்ததும் அங்கயே செஞ்சுக்கும். படிச்சது மனசுல நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

ஒரு நாள் படத்தில் எதிர்பாராத இடத்தில் புள்ளி தெரிந்ததாம். அவளுடைய புரொபசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அரை நாள் பார்த்தாராம். சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தா கோவப்படுறீங்களே அத்தை?"

சந்தோஷம்தான். அவளுக்குக் கிடைத்தது நல்ல காலம். எனக்கு அந்த அரை நாள்கூட வேண்டாம், ஒரு நிமிஷம் போதுமாயிருந்ததே!

நேற்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் அந்த செல்லை வரைந்தேன். வயசாகிவிட்டது, கோடு நேராக வரவில்லை. ஆனால் கிளையில் ஒரு புள்ளியையும் விடவில்லை. அதைப் போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

இப்போது வந்து அழிக்கச் சொல்லட்டும், பார்ப்போம்.