கைக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது

நாய்க்குட்டியை இரண்டு கைகளாலும் வாரித் தூக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நின்றாள் லாண்டரியம்மா. ஐந்து மாதம்தான் ஆகிறது, ஆனால் கால்கள் கன்றுக்குட்டிக்கு இருப்பதுபோல. அதன் தலை அவள் மோவாயை முட்டியது. பின்னங்கால்கள் அவள் தொடைவரை தொங்கின. இந்தக் கோலத்தில் குனிந்து முள்ளைப் பார்ப்பது நடக்காத காரியம்.

"சீக்கிரம் சொல்லுங்க, கை விட்டுப் போகுது."

வாயில் பிரஷ்ஷோடு குந்தி உட்கார்ந்த கணவர், நுரைக்கு நடுவே ஒரு எண்ணைச் சொன்னார். குட்டியை நான்கு காலும் ஒன்றாகத் தரையில் படும்படி பதமாக இறக்கினாள். தன் எடையைக் கழித்து நோட்டில் எழுதினாள். பதினேழரை. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். முன்பு குந்தி உட்கார்ந்து எண் சொன்னவர் மாமனார். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் அவர் தன் அறையில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. நர்சுகள் வைத்த பெயர் எப்படியோ தெரு வரைக்கும் வந்துவிட்டது. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போன உடம்பு. விரிப்பில் ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் மடிக்க மாட்டாள், உதறி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே குட்டியின் விலாவில் விரல்களை ஓட்டிப் பார்ப்பாள். "எலும்பு கைக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு" என்பாள்.

குட்டி அவளுடையது அல்ல. பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று, பிறந்த இரண்டாம் மாதம் குட்டிகளை வீடுகளில் வளர்க்கக் கொடுக்கிறது. ஒரு வயதானதும் இடுப்பைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். மூட்டு நன்றாக இருந்தால் பயிற்சிக்குப் போகும். இல்லையென்றால் இல்லை. பத்து வருடம் ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிய இடுப்பு.

அதற்காகத்தான் அவள் வீட்டு வழவழப்பான தரையெங்கும் ரப்பர் விரிப்பு. மாடிப்படிக்குக் குறுக்கே பலகை. சோபாவிலிருந்து குட்டி குதிக்கப் பார்த்தால், பாலைப் பொங்க விட்டுவிட்டு ஓடி வருவாள். தீனி ஒரு நாளைக்கு மூன்று வேளை, அளவுக் கோப்பையில், விளிம்போடு சமமாக.

"உங்க வீட்டுல என்னம்மா பஞ்சமா? குட்டி இப்படி வத்திப் போயிருக்கே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"பஞ்சமில்லீங்க. பயம்" என்றாள்.

அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு. மூத்தவன். இந்தக் குட்டிக்கு முன்னால் அவள் வளர்த்தது. இப்போதும் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் எழுந்திருக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். முன்னங்கால்களை ஊன்றிவிட்டு, பின்பாதி வர மறுப்பதை என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்ப்பான். மாமனார் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவன் இடுப்பில் ஒற்றுவார். 

மாமனார் சின்ன வயதில் பசியோடு படுத்தவர். சோறு கேட்டு அழுத தம்பியை அடக்க, அவன் வாயில் தன் விரலை வைத்துச் சப்பக் கொடுத்ததாக ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். "வாயில்லா ஜீவன் வயித்துக்கு வஞ்சகம் பண்ணாதம்மா" என்று மருமகளோடு அவர் வாதாடாத நாளில்லை. மூத்தவன் குட்டியாக இருந்தபோது, அவள் வேலைக்குப் போன பிறகு பாலில் ஊறிய ரொட்டி அவன் வயிற்றுக்குப் போனது, முட்டை போனது. எலும்பு பலப்படட்டும் என்று கடையில் கேட்டு வாங்கிய கால்சியம் பொடியும் போனது. மூத்தவன் மளமளவென்று வளர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை எடை மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மாமனார் நிதானமாகக் குறைத்துச் சொன்னார். முதலில் ஒரு கிலோ. பிறகு இரண்டு. பள்ளியிலிருந்து பார்க்க வந்தவர், "கொஞ்சம் தடிப்பாத் தெரியுதே" என்றபோது அவள் நோட்டை எடுத்துக் காட்டினாள். நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ஒரு வயதில் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். நோட்டில் முப்பத்திரண்டு. அங்கே மெஷினில் முப்பத்தெட்டு. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டி, விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் குழிக்குள்ள பந்து ஆழமா உக்காரணும். இது விளிம்புல தொத்திக்கிட்டு நிக்குது. பாதி தாய் தகப்பன் குடுத்தது, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா எலும்பு இளசா இருக்கும்போது மேல பாரத்த ஏத்தியிருக்கீங்க. யாரு தீனி போட்டது?"

அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். நடையில் மாமனார் மூத்தவனின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார். முப்பத்திரண்டுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே இருந்த ஆறு கிலோ யாருடையது என்று அந்த நிமிடம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான் டாக்டர். அளவு தெரியாம போட்டுட்டேன்."

மூத்தவனுக்காகக் காத்திருந்த பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர், இன்னும் ஒரு வருடம் கைத்தடியோடு நடக்க வேண்டியதாயிற்று. அதையும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். அடுத்த குட்டி கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டாள். ஒன்றரை வருடம் கழித்து, அரைமனதாகத்தான் கொடுத்தார்கள்.

இந்தக் குட்டி, இளையவள், வந்த நாள் முதல் மாமனார் அவளைத் தொடவே இல்லை. குட்டி அறைக்குள் வந்தால் கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொள்வார். வாலாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லாண்டரியம்மா இரண்டு மாதம் பார்த்தாள், மூன்று மாதம் பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, தீனி டப்பாவையும் அளவுக் கோப்பையையும் அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"மாமா, எனக்கு ஷிப்ட் மாறிடுச்சு. இனிமே காலையும் மத்தியானமும் நீங்கதான் போடணும்."

ஷிப்ட் எதுவும் மாறவில்லை.

"என்கிட்டயா குடுக்குற?" கிழவர் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார். "அன்னிக்கு மெஷின்ல நான் சொன்னதெல்லாம்..."

"தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"டாக்டரம்மா எடை போட்டப்பவே."

"அப்புறம் ஏன் நீ வாயே தொறக்கல?"

"தொறந்தா நீங்க சாப்பாட்டையே விட்டுருப்பீங்க. ஒரு வீட்டுல எத்தன பேருக்கு நான் தீனி அளக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தீனியை மொண்டு, கத்தி முதுகால் விளிம்பை ஒட்டி வழித்தார். வழித்ததில் இரண்டு குருணை கீழே விழுந்தது. இளையவள் தாவுவதற்குள் குனிந்து அதைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே வந்து, முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, மெஷின் முன்னால் குந்தினார். சொன்ன எண்ணைத் திருத்தி, "இல்ல இல்ல, இன்னும் அரை கூட இருக்கு. எழுது" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சத்தைப் பற்றி மறுபடி பேச்சை எடுத்தபோது, மாமனாரே வேலிவரைக்கும் போனார். "பசின்னா என்னன்னு எனக்குத் தெரியும் தம்பி. இது பசியில்ல. அளவு" என்றார்.

இளையவளுக்கு ஒரு வயதானபோது எடுத்த படத்தை டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். இடது பக்கக் குழி ஒரு நூல் ஆழம் குறைவு. அது பிறப்போடு வந்தது, இந்த எடையில் தாங்கும் என்றார். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஒப்படைக்கும் நாளில் மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பயிற்சியாளர் கயிற்றை வாங்கியதும் இளையவள் முன்னங்கால்களை மாமனார் மார்பில் வைத்து ஒருமுறை முகர்ந்தாள். பிறகு இறங்கி, புது ஆளோடு திரும்பிப் பார்க்காமல் போனாள். நீண்ட நடையின் கோடிவரை இடுப்பு இரண்டு பக்கமும் ஒரேபோல் அசைந்து போனது. கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

வாசலுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். மாமனாரின் வெள்ளைச் சட்டை முழுக்க இளையவளின் கறுப்பு மயிர். மருமகளின் பழகிய கை தானாக எழுந்து, தோள்பட்டையில் ஒன்றை எடுத்தது, இன்னொன்றை எடுத்தது. மூன்றாவதைத் தொட்டதும் அந்தக் கை நின்றது. லாண்டரியம்மா எடுத்த இரண்டு மயிரிழைகளையும் அதே இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டாள்.