முடிச்சுக்குள் இருந்த ரக்ஷா

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அலர்மேல்மங்கைக்கு, பேரம் பேசத் தெரியாத மாமி என்று பெயர். பூக்காரி சொன்னதுதான் விலை. வீட்டிலும் அப்படித்தான். கணவர் சேஷகிரி அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதற்கு மறுவார்த்தை சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பெருமாளிடம் சொல்லிக்கொள்வாள். குறுக்கே பேசாமல் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

பெண் ரக்ஷா, தொம்மலூர்ப் பையன் தினேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி. சேதி வந்த அன்றே சேஷகிரி குழாயடியில் உட்கார்ந்து அவளைத் தலை முழுகினார். அடுத்த வருஷம் தும்கூர் ரோட்டில் லாரி மோதி ரக்ஷா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று போன் வந்தபோது, கையிலிருந்த பேப்பரைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

"ஒரு தரம் முழுகியாச்சு. ஒரு பொண்ணுக்கு எத்தனை தரம்டீ முழுகறது?"

அலர்மேல் போகவில்லை. போக விடவில்லை என்பதுதான் சரி. கொல்லைக் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ஆல்பங்கள் வெந்நீர் அடுப்புக்குள் போயின. ஆனால் பிள்ளை பிரஹ்லாத் சாஃப்ட்வேர்க்காரன். ரக்ஷாவின் சின்ன வயசுப் படங்களையெல்லாம் முன்பே ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தான். முன் பல் விழுந்த ரக்ஷா, பட்டுப் பாவாடையில் கொலுப் படியில் ஏறி உட்கார்ந்த ரக்ஷா, எல்லாம் அதில் இருந்தன. அது சேஷகிரிக்குத் தெரிந்துபோயிற்று. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒன்று விடாமல் அழிக்க வைத்தார்.

அவன் அழித்துவிட்டு அடுக்களைக்கு வந்தான்.

"அம்மா, அழாதே. டெலீட்தான் பண்ணிருக்கேன். அது மேல வேற எதையும் ஏத்தாம இருந்தா, எல்லாப் படத்தையும் மீட்டுடலாம். நாளைக்கு ஜெர்மனி போறேனே, அங்க வெச்சுப் பண்ணிடறேன்."

"வேண்டாம்டா. ப்ளேன்ல எங்கயாவது விழுந்து தொலைஞ்சுட்டா? எங்கிட்டயே இருக்கட்டும். நீ வந்தப்பறம் பண்ணு."

"சரி. மார்கழிக்குள்ள வந்துடுவேன்."

அவள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்தாள். கூடவே பென் டிரைவையும் வைத்து முடிந்து, பெருமாள் அலமாரியின் மூலையில் வைத்துவிட்டாள். பெருமாளுக்கு முடிந்ததை வேண்டுதல் பலிக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பூஜை நடுவில் சேஷகிரி முடிச்சைக் கையில் எடுத்தார்.

"என்னடீ இது? ஒரு ரூபாக் காசு இவ்வளவு கனக்கறது?"

"பிரஹ்லாத் நல்லபடியாத் திரும்பி வரணும்னு..."

"காசு சதுரமாவா இருக்கும்?"

"அவுக்கப்டாதுன்னா! பெருமாளுக்கு முடிஞ்சது."

"பெருமாளுக்கு நான் சொல்லிக்கறேன்."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"இதுலதான் எல்லாத்தையும் அழிச்சாச்சே. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடீ வேண்டுதல்?"

அவள் கை தன்னையறியாமல் பென் டிரைவை நோக்கி நீண்டது. அழித்தது முழுசாகப் போகவில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

"புடவையை மாத்திண்டு கிளம்பு. நீயும் வரணும்."

தெருக்கோடியில் கோவிந்தப்பாவின் இன்டர்நெட் கடை. சேஷகிரி பென் டிரைவை மேஜைமேல் போட்டார்.

"அழிச்சா போறதில்லையாமே, நிஜமா?"

"நிஜம்தான் ஸார்" என்றான் கோவிந்தப்பா, தன் கன்னடத் தமிழில். "டெலீட்னா வாசல்ல பேர்ப்பலகைய மட்டும் களட்டற மாதிரி. ஆளு உள்ளயே இருப்பாங்க. ஃபார்மெட்னா தெருவுல இருக்கற அத்தனை பலகையும் களட்டறது. அப்பவும் உள்ள ஆளு இருக்கலாம் ஸார். புது ஆளைக் குடி வெச்சாத்தான் பளைய ஆளு போவாங்க."

"அப்படின்னா ஃபார்மெட் பண்ணு. பண்ணிட்டுக் குடி வை."

கோவிந்தப்பா அலர்மேலைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதுல உங்களுக்கு ஏதாவது வேணுமா? சொல்லிட்டீங்கன்னா இப்பவே மீட்டுக் குடுக்கறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் சேஷகிரி திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"வேணும்னா சொல்லேன். வாங்கிண்டு இப்படியே தொம்மலூருக்குப் போயிடு. நம்மாத்து வாசல்ல மட்டும் திரும்ப வந்து நிக்காதே."

நாற்பது வருஷமாகக் கோலம் போட்ட வாசல் அது. பிறந்த வீட்டில் யாரும் இல்லை. கடைச் சுவரில் ஒரு காலண்டர்ப் பெருமாள் இருந்தார். அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள்.

"என்ன போடட்டும் ஸார்? சினிமாப் பாட்டா?"

"சீச்சீ. நாமாவளி போடு. உபன்யாசம் இருந்தா அதையும் போடு. ஒரு இண்டு இடுக்கு பாக்கி இருக்கப்டாது."

நிரம்பி முடியும்வரை அவளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். திரும்பும் வழியில் வேண்டுதல் காசைக் கோயில் உண்டியலில் போட்டார். "பாக்கி வெச்சுக்கப்டாது" என்றார்.

அப்புறம் பென் டிரைவ் சொருகும் பிளேயர் ஒன்று வீட்டுக்கு வந்தது. தினமும் காலையில் அது பெருமாள் நாமாவளி பாடும். நாமாவளி எங்கே கேட்டாலும் கூடவே சொல்வது அலர்மேலின் வெகுநாள் பழக்கம். இப்போது அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள்.

மார்கழியில் பிரஹ்லாத் வந்தான். செருப்பைக் கழற்றியதும் அம்மாவைத்தான் பார்த்தான். அவள் பிளேயரைக் கண்ணால் காட்டினாள். அவன் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

"அம்மா... ஒண்ணுமே இல்லம்மா."

ஊஞ்சலில் இருந்த சேஷகிரி சிரித்தார்.

"ஒண்ணுமே இல்லையா? முழுக்கப் பெருமாள் பேர்னா இருக்கு! குடு இப்படி."

வாங்கித் திரும்பச் சொருகினார். நாமாவளி தொடங்கியது.

"என்னடீ, பெருமாள்மேல கோபமா? வாயத் தொறந்து சொல்லு."

அலர்மேல் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைக் கூப்பிக்கொண்டாள். சொன்னாள். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு படம் போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. முன் பல் விழுந்த படத்தின்மேல் எந்த நாமம் இருக்கிறது என்று தெரியாமல், எதையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.