மடத்துப் பிள்ளை

பெரியகுளம் பேருந்து நிலையத்தருகே ஐஸ்கிரீமுக்குக் கோன் சுடும் வாசனை வந்தால், எனக்கு எச்சில் ஊறுவதற்கு முன்பே கோபம் வந்துவிடுகிறது. அம்மா சமையல்வேலை பார்த்த கன்னியர் மடத்தில், மாதாகோவில் பூசைக்குத் தாள்போல் மெல்லிய அப்பம் சுடும் இரும்பு அச்சிலிருந்து இதே கோதுமைக் கருகல் வாசனைதான் வரும். வட்டமாக வெட்டியதுபோக மிஞ்சும் ஓரங்களை சிஸ்டரம்மா என் சட்டைப்பையில் திணிக்க, அவற்றைக் கொறித்தபடி உயர்ந்த மதிலுக்குள், கொய்யா மரத்தடியில், சொர்க்கம் இவ்வளவுதான் என்று உட்கார்ந்திருப்பேன். இன்று மதிலும் இல்லை, மரமும் இல்லை. கல்யாண மண்டபம் நிற்கிறது.

"எம்புள்ள மடத்துப் பிள்ளை" என்பாள் அம்மா. அரைச் சாமியார் பட்டம் என்றே நினைத்துப் பூரித்தேன். குமுளி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன அப்பா பெருநாளைக்கு வருவார் என்றாள், அதையும் நம்பினேன்.

ஒருநாள் பால்காரர் சிரித்தார். "ஏலே, ஒங்கய்யா நேத்து வந்தாகளே, பாக்கலையா? அங்கன கட்டுன பொண்டாட்டி, கைப்புள்ளையோட வந்தாக. ஊரே பாத்துச்சு. மடத்துப் பிள்ளைக்கு என்னத்தத் தெரியும்!"

மடம் என்றால் அறியாமை என்றும் அகராதியில் இருக்கிறது. அம்மாவுக்கு அகராதி தேவைப்பட்டிருக்கவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் சிஸ்டரம்மா இரண்டு பையும் நிறைய ஓரம் தந்து, கொய்யா மரத்தடியை விட்டு நகரக்கூடாது என்றிருந்தார். நான் மென்று முடிப்பதற்குள் அப்பா பஸ் ஏறிவிட்டிருக்கிறார்.