மூணாம் நம்பர் பஸ் பிள்ளைகள்

எங்கள் பள்ளிக்குப் புது டைம்டேபிள் சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. வகுப்பு, ஆசிரியர், அறை எல்லாம் ஏற்றி முடித்ததும், மாணவர்களைக் குரூப்பாகப் பிரிக்கச் சொல்லி ஒரு பக்கம் வந்து நின்றது. வெளிர்நீலத்தில் அழகான பக்கம்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "இன்னா மிஸ், டிபன் ஒத்துக்கலயா?" என்றார் பக்கத்திலிருந்த தமிழ் மிஸ். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்.

அந்தப் பக்கத்துக்கு என் மூக்கில் ஒரு நாற்றம் உண்டு. நான் முதன்முதலில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குப் பின்னால் சாயப்பட்டறை. பட்டுநூலைச் சோடா போட்டு வேகவைப்பார்கள். ஆரணியில் பிறந்தவளுக்கு அது புதிதா என்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அதுவரை அங்கே டைம்டேபிளை வைஸ் பிரின்சிபால்தான் சார்ட்டில் பென்சிலால் போடுவார். மே மாதம் முழுக்க எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுவார். பிறகு சாஃப்ட்வேர் வந்தது. வேலூரிலிருந்து விற்க வந்த பையன் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விளைவு, ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் விளையாட்டு பீரியட். மைதானமே தெரியவில்லை. "இன்னா மேடம், பொருட்காட்சியா நடத்தறீங்க?" என்று பி.டி. மாஸ்டர் விசிலோடு வந்து நின்றார். அவ்வளவு சாமர்த்தியசாலி நான்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் இரண்டு குரூப்பாகப் பிரிக்க வேண்டும் என்றார் தாளாளர். களம்பூரில் ரைஸ் மில் வைத்திருந்தவர். மணி அடித்ததும் பாதிப் பேர் ஓர் அறைக்கு, மீதிப் பேர் வேறு ஆசிரியரிடம் வேறு அறைக்கு.

"மூணாம் நம்பர் பஸ்ல வர்ற புள்ளைங்கள எல்லாம் ரெண்டாவது குரூப்ல போட்டுடும்மா. அந்த பஸ்ஸு ஜல்தியா கெளம்பணும்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பஸ் நேரத்துக்குத் தக்கபடி கடைசி பீரியடை மாற்றிக்கொள்ளலாமே! ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். தமிழரசி பெயர் வந்தது. வகுப்பில் முதல் ரேங்க். அவளும் மூணாம் நம்பர்தான், அடித்தேன். அடுத்து தினேஷ். கணக்கில் பாஸ் ஆனதே கிடையாது. அவனுக்கும் அடித்தபோது, பின்னால் நின்றுகொண்டிருந்த தாளாளர், "அவன எடுத்துட்டு ஒண்ணுல வை" என்றார்.

"அவனும் அதே பஸ்தான் சார்."

அவர் சிரித்தார். "அவங்க வீடு மெயின் ரோட்டுலயே வந்துடும்மா. பஸ்ஸு அதுக்கப்புறம் எங்க போவுதுன்னு உனுக்குத் தெரியாதா? பெரிய எடத்துப் பேரண்ட்ஸு என்ன புடிச்சி பேஜார் பண்றாங்க. புரிஞ்சிக்கோ."

பஸ் அதற்கப்புறம் காலனிக்குப் போகும். காலனியில் எந்தச் சாதியார் இருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் வழியே அந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. அது பட்டறை நாற்றம்தானா என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

அவர் போனதும் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். மறுநாள் கேட்டபோது, "சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது சார்" என்றேன். என்ன தைரியம் பாருங்கள், பழியைத் தூக்கிப் பெட்டி மேல் போட்டேன். அவர் வேலூருக்குப் போன் போட்டார். அந்தப் பையன் வந்து, டீ ஆறுவதற்குள் குரூப் போட்டு, முதல் குரூப்புக்குப் பச்சை, இரண்டாவதுக்குச் சாம்பல் என்று நிறமும் கொடுத்தான். "ரொம்ப ஈஸி மேடம்." அவனுக்கு அது வெறும் பெயர்கள். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

பச்சைக்கு வசந்தா மிஸ். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. சாம்பலுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். இடம், சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்துக் கொட்டகை. முதல் நாள் மணி அடித்து, சாம்பல் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் தமிழரசி. எதிரே வந்த வசந்தா மிஸ்ஸிடம், "நாங்க மட்டும் ஏன் மிஸ்?" என்று கேட்டாள். அழவில்லை. கணக்கில் ஒரு படி விளங்காவிட்டால் கேட்பாளே, அதே குரல்.

வசந்தா மிஸ் அவர்களை நன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்த பஸ் என்று அவருக்கும் தெரியும். "சீ" என்றார். பிறகு வகுப்புக்குள் தலையை நீட்டி, "எல்லாரும் பைய எடுத்துகினு கொட்டாய்க்கு வாங்க. கணக்கு அங்கதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தினேஷ் உட்பட மொத்த வகுப்பும் பின்னால் போனது. புது டீச்சரும் போய்க் கடைசியில் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு கார்கள் வந்தன. தினேஷின் அப்பா ஆபீஸ் அறையில் சத்தம் போட்டது வெளியே கேட்டது. "நாங்க பீஸ் கட்றது கொட்டாயில குந்திகினு இருக்கவா?" சாயந்தரமே வசந்தா மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, "கைய கழுவணும் போல இருக்குதுடி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அந்த வாரமே தமிழரசியின் அப்பா வந்து டி.சி. வாங்கி அவளை அரசுப் பள்ளியில் சேர்த்தார். பொதுத்தேர்வில் அவள் எங்கள் பச்சைக் குரூப் முழுவதையும் தாண்டினாள். இப்போது கலசப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நானும் அந்த வருஷத்தோடு அங்கிருந்து வந்துவிட்டேன். வீரம் ஒன்றுமில்லை, வேறு இடத்தில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இங்கே பஸ் பேச்சு கிடையாது. முன்பிருந்தே மார்க்கை வைத்துத்தான் குரூப் என்கிறார்கள். பெயர்கூட முல்லை, மல்லிகை. முல்லையில் யார், மல்லிகையில் யார் என்று நான் ஆராயப் போகவில்லை. போனால் மறுபடி குமட்டும்.

நேற்று கணக்கு சார் வரவில்லை என்று என்னைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். எந்தக் குரூப்பில் யார் என்று வாசிக்கலாம் என்று பேப்பரைப் பிரிப்பதற்குள் பாதி வகுப்பு எழுந்து, சத்தமில்லாமல் பெஞ்சைத் தள்ளி, பையை மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். யாராவது ஒரு பிள்ளை நின்று, ஏன் மிஸ் என்று கேட்கும் என்று கடைசிப் பையன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.